ஏஜென்ட் உங்கள் ரீட்மியைப் படிப்பதில்லை

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் உங்கள் கோயிலின் பழைய கல்யாணப் பதிவேடுகளையும் திருவிழாப் படங்களையும் ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறீர்கள். அதற்காகப் பைத்தானில் பட ஃபார்மட் மாற்றும் கருவி ஒன்று எழுதி, எம்சிபி (ஏஐ மாடல்களோடு வெளிக் கருவிகளை இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக, கருவிகளை ஓட்டிச் சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்டின் கையில் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் ஓட்டினால் ஒழுங்காக வருகிறது. ஏஜென்ட் ஓட்டினால் 48 பக்கப் பதிவேடு ஒரே பக்கமாக வருகிறது, அலைபேசிப் படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன, கோயில் சின்னத்தின் பின்னால் கறுப்பு அப்பிக்கொள்கிறது. "ரீட்மியில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன் அண்ணே, இன்னும் என்ன எழுதுவது, அதைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய ரீட்மியை, அதாவது கருவியோடு வைக்கும் விளக்க ஃபைலை, முழுதாகப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஏஜென்ட் அதில் ஒரு வரியைக்கூடப் பார்க்கவில்லை.

எம்சிபியில் ஒரு கருவியை இணைத்தால் ஏஜென்டை இயக்கும் மொழி மாடலுக்குப் போய்ச் சேர்வது மூன்று விஷயம்தான்: கருவியின் பெயர், அதன் விவரிப்பு, எந்தெந்த பாராமீட்டர் (கருவிக்குக் கொடுக்கும் உள்ளீடு) என்ன வகை என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. ரீட்மி உங்கள் ரெப்போவிலேயே கிடக்கும். உங்கள் கருவியின் விவரிப்பில் இப்போது இருப்பது "படத்தை ஒரு ஃபார்மட்டிலிருந்து இன்னொரு ஃபார்மட்டுக்கு மாற்றும்" என்ற ஒரே வாக்கியம். பாராமீட்டர்களுக்கு விளக்கமே இல்லை, பெயர் மட்டும். ஏஜென்டுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் மொத்த ஆவணமும். நீங்கள் ஓட்டும்போது எல்லாப் பக்கமும் வேண்டும் என்ற சுவிட்சை உங்கள் கை தானாகப் போடுகிறது, ஏனென்றால் அதை எழுதியவரே நீங்கள். ஏஜென்டுக்கு அந்தச் சுவிட்ச் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எதுவும் சொல்லாதபோது இருக்கும் டீஃபால்டிலேயே விட்டது.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. நீங்கள் ஒரு படத்தை மாற்றியதும் என்ன செய்கிறீர்கள்? திறந்து பார்க்கிறீர்கள். சாய்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடுகிறது, கறுப்பு அப்பியிருந்தால் "அட" என்று திரும்ப ஓட்டுகிறீர்கள். ஏஜென்ட் பொதுவாகத் திறந்து பார்ப்பதில்லை. படம் பார்க்கத் தெரிந்த மாடலாகவே இருக்கட்டும், உங்கள் கருவி "வெற்றி" என்றும் ஒரு ஃபைல் பாதையும் திருப்பிக் கொடுத்தால் அது அந்த வெற்றியை நம்பி, கோயில் செயலாளரிடம் "முடிந்தது ஐயா" என்று சொல்லிவிடும். அதனால் மனிதன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது எதுவோ, அது முழுவதும் எழுத்தில் வந்தாக வேண்டும். ஓடுவதற்கு முன் தெரிய வேண்டியது விவரிப்பிலும் ஸ்கீமாவிலும் இருக்கட்டும், ஓடிய பின் தெரிய வேண்டியது கருவி திருப்பித் தரும் பதிலில் இருக்கட்டும். அந்தப் பதிலையும் ஆவணத்தின் ஒரு பாதியாகவே நான் எண்ணுகிறேன். பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்கேனுக்குப் பயன்படும் டிஃப் ஃபார்மட் ஒரே ஃபைலுக்குள் பல பக்கம் வைத்துக்கொள்ளும். ஜேபெக்கில் அந்த வசதி கிடையாது, ஒரு ஃபைலுக்கு ஒரு படம். நீங்கள் பயன்படுத்தும் பில்லோ நூலகம் பல பக்க டிஃப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் நிற்கும், அப்படியே ஜேபெக்காகச் சேமித்தால் அந்த முதல் பக்கம் மட்டும் போகும், எரர் எதுவும் வராது. இமேஜ்மேஜிக் என்ற இன்னொரு பட மாற்று மென்பொருளில் செய்திருந்தால் எல்லாப் பக்கமும் தனித்தனி ஃபைலாக வந்திருக்கும், பெயருக்குப் பின்னால் 0, 1, 2 என்று ஒட்டிக்கொண்டு. அங்கே வேறொரு தொல்லை: பெயர் வரிசையில் அடுக்கினால் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும். ஆகவே விவரிப்பில் "டிஃப், ஜிஃப் போன்றவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பக்கமோ ஃபிரேமோ இருக்கலாம், டீஃபால்டாக எல்லாமும் மாற்றப்படும், பெயருக்குப் பின்னால் மூன்று இலக்க எண் சேரும்" என்று எழுதுங்கள். கருவியின் கோடையும் (நிரலையும்) அப்படியே மாற்றுங்கள், எல்லாப் பக்கமும்தான் டீஃபால்டாக இருக்க வேண்டும். அப்புறம் பதிலில் "மூலத்தில் 48 பக்கம், எழுதியது 48" என்று இரண்டு எண்ணும் வரட்டும். என்றைக்காவது 48-க்கு 1 என்று வந்தால் ஏஜென்டே அதைக் கவனித்து, தவறு நடந்திருக்கிறது என்று உங்களிடம் சொல்லும். மாடல்கள் எண் பொருந்தாததை நன்றாகவே கவனிக்கின்றன, அந்த எண்ணை நாம் கொடுத்தால்தானே.

சாய்ந்த படங்களுக்கு வருகிறேன். இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கருவியில் உள்ள ஒரே ஒரு பாராமீட்டர் மூன்று வேலையைச் சேர்த்துச் செய்கிறது, அதன் விளக்கம் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. "மெட்டாடேட்டாவை நீக்கு" என்று ஒரு ஆம்-இல்லை சுவிட்ச் வைத்திருக்கிறீர்கள். திருவிழாப் படங்களில் இடத்தின் ஜிபிஎஸ் இருக்கக்கூடாது என்பதற்காக வைத்தீர்கள், அது மிகச் சரி. வீட்டில் எடுத்த படத்தில் அந்த வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் போவது எங்கேயும் நல்லதில்லை, இன்றைக்கு நம் நாடு இருக்கும் நிலையில் நிச்சயமாக இல்லை. ஆனால் அந்த ஜிபிஎஸ் இருக்கும் எக்சிஃப் என்ற தகவல் பகுதிக்குள் இன்னொரு தகவலும் இருக்கிறது: ஓரியன்டேஷன். அலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் பிக்சலைச் சென்சார் பார்த்தபடி படுக்கையாகவே எழுதிவிட்டு, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று 1 முதல் 8 வரை ஒரு எண்ணைக் குறித்து வைக்கின்றன. 6 என்றால் வலப்பக்கமாக 90 டிகிரி. எக்சிஃப்பை மொத்தமாக அழித்தால் அந்த எண்ணும் போய்விடும், படம் படுத்துக்கொள்ளும். முதலில் பிக்சலை நிஜமாகவே திருப்பி எழுதிவிட்டு அப்புறம் அழிக்க வேண்டும். பில்லோவில் அதற்கென்றே எக்சிஃப் டிரான்ஸ்போஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரு வரி வேலை.

மூன்றாவது ஐசிசி புரொஃபைல், அதாவது படத்தின் வண்ண எண்களை எப்படிப் பொருள் கொள்வது என்று சொல்லும் குறிப்பு. புது ஐபோன்கள் டிஸ்பிளே பி3 என்ற அகலமான வண்ண வெளியில் படம் எடுக்கின்றன. அந்தப் படத்தின் புரொஃபைலைக் கழற்றிவிட்டால், பார்க்கும் மென்பொருள் அதைச் சாதாரண எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக்கொள்ளும். மாரியம்மன் மேல் சாத்திய சிவப்புப் பட்டும் மஞ்சளும் கொஞ்சம் வெளிறிப்போய்த் தெரியும். யாரும் உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள், "கேமரா சரியில்லை போல" என்று விட்டுவிடுவார்கள். பில்லோ ஜேபெக்காகச் சேமிக்கும்போது, நீங்களே எடுத்துக் கொடுத்தால் தவிர அந்த புரொஃபைலை எழுதுவதில்லை. இமேஜ்மேஜிக்கின் ஸ்ட்ரிப் சுவிட்சும் புரொஃபைலைச் சேர்த்தே அழித்துவிடும்.

ஆகவே அந்தச் சுவிட்சை உடையுங்கள். "இருப்பிடத் தகவலை நீக்கு" என்று ஒன்று, டீஃபால்ட் ஆம். படத்தை நிமிர்த்துவது எப்போதும் நடக்கட்டும், அதற்கு பாராமீட்டரே வேண்டாம், விவரிப்பில் ஒரு வரி போதும். வண்ண புரொஃபைல் எப்போதும் கூடவே போகட்டும், அதற்கும் ஒரு வரி. எடுத்த தேதியை மட்டும் தனியாகக் காப்பாற்றுங்கள், இருபது வருடம் கழித்து இந்தப் படம் எந்த வருடத் தீமிதி என்று கேட்பவருக்கு அந்தத் தேதிதான் பதில் சொல்லும். ஆவணம் எழுதும்போது ஒரு பாராமீட்டரை ஒரே வாக்கியத்தில் உண்மையாகச் சொல்ல முடியவில்லை என்றால் பெரும்பாலும் அந்த பாராமீட்டரிலேயே கோளாறு இருக்கும். எனக்கு இது பல தடவை நடந்திருக்கிறது, எழுதப் போய்க் கோடைத் திருத்திவிட்டு வந்திருக்கிறேன்.

சின்னத்தின் கறுப்புப் பின்னணி சுலபம். பிஎன்ஜியில் ஒளிபுகும் இடம் உண்டு, ஜேபெக்கில் இல்லை. பில்லோ அப்படிச் சேமிக்க மறுத்து எரர் கொடுக்கும், நீங்கள் அந்த எரரைப் போக்குவதற்காக ஆர்ஜிபி ஆக்கு என்று ஒரு வரி போட்டிருப்பீர்கள். அந்த வரி ஒளிபுகும் தன்மையைக் கழற்றிவிட்டு அடியில் இருக்கும் நிறத்தை அப்படியே காட்டும், பல சமயம் அது கறுப்பு. முதலில் வெள்ளைத் தாளின் மேல் படத்தை ஒட்டிவிட்டு மாற்றுங்கள். பின்னணி நிறம் ஒரு பாராமீட்டர், டீஃபால்ட் வெள்ளை. பதிலில் "ஒளிபுகும் பகுதி இருந்தது, வெள்ளையால் நிரப்பப்பட்டது" என்று வந்தால், ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு "பேனரில் போடுவதற்கா? அப்படியென்றால் பிஎன்ஜியாகவே வைக்கட்டுமா?" என்று கேட்கும் வாய்ப்பு உண்டு.

இப்போது அசல் ஃபைலைப் பற்றி. இதை மட்டும் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது எனக்கு.

சில வருடங்களுக்கு முன் மோல்மீனில் இருந்தபடி, பெகுவில் உள்ள சொந்தக்காரர் வீட்டு ஆல்பம் ஒன்றை ஸ்கேன் செய்தேன். எல்லாம் பெரிய பெரிய ஃபைல். அனுப்புவதற்குச் சின்னதாக்கலாம் என்று இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளையில் அளவைக் குறைக்கும் சுவிட்சைப் போட்டு ஃபோல்டர் முழுவதற்கும் ஓட்டிவிட்டேன். அந்தக் கட்டளை மூல ஃபைலின் மேலேயே எழுதும். அதன் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்காமல் ஓட்டினேன். 600 டிபிஐ ஸ்கேன் அத்தனையும் கட்டைவிரல் நகம் அளவு ஆகிவிட்டது. ஆல்பத்தை அதற்கு முன்பே திருப்பிக் கொடுத்தாயிற்று. மறு வருட வெள்ளத்தில் அது நனைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதில் ஒரு படம் அந்த வீட்டுத் தாத்தாவின் கல்யாணப் படம். இப்போது அதன் முகங்கள் என்னிடம் அறுபது பிக்சலில் இருக்கின்றன.

நம்முடைய படங்கள் பெரும்பாலும் ஒற்றைப் பிரதிதான், தம்பி. 1942-இல் காட்டுவழியே நடந்தே இந்தியாவுக்குப் போனவர்களும், 1964-இல் கடைகள் தேசியமயமான பிறகு கப்பலேறியவர்களும் எதைக் கொண்டுபோனார்கள், எதை விட்டுப்போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மிச்சம் இருப்பதை நம் கருவி அழித்துவிடக்கூடாது. ஆகவே விவரிப்பின் முதல் மூன்று வாக்கியத்துக்குள் இது வந்தே தீர வேண்டும்: "மூல ஃபைலை இந்தக் கருவி ஒருபோதும் மாற்றாது, அழிக்காது. வெளியீட்டு ஃபைல் ஏற்கெனவே இருந்தால் மேலெழுதாமல் எரர் தரும்." எழுதினால் போதாது, கோடும் அப்படியே நடக்க வேண்டும். எம்சிபியில் கருவிகளுக்குச் சில குறிப்புகள் கொடுக்கலாம்: இது படிக்க மட்டும் செய்யுமா, அழிக்கக்கூடியதா, திரும்ப ஓட்டினாலும் பலன் அதேதானா என்று. அவற்றைச் சரியாக நிரப்புங்கள், சில செயலிகள் பயனரிடம் அனுமதி கேட்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்து முடிவெடுக்கின்றன. ஆனால் அவை வெறும் குறிப்புகள். காவல் உங்கள் கோடில்தான் இருக்க வேண்டும்.

கரண்ட் போவதையும் எழுதி வையுங்கள். ரங்கூனில் பாதி வேலையில் மெஷின் நின்றுபோவது தினசரி நடப்பு, அதை விதிவிலக்காக எண்ணி ஆவணம் எழுத முடியாது. 300 படத்தில் 140-ஆவது எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால், அரைகுறை ஃபைல் ஒன்று இறுதிப் பெயரிலேயே கிடக்கும், அடுத்த தடவை ஏஜென்ட் "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று தாண்டிப் போய்விடும். தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, அப்புறம் பெயரை மாற்றுங்கள். அப்படிச் செய்துவிட்டால் ஆவணத்தில் தைரியமாக எழுதலாம்: "இறுதிப் பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அது முழுமையானது. வேலை நடுவில் நின்றால் அதே கட்டளையைத் திரும்பக் கொடுக்கலாம், முடிந்தவை தாண்டப்படும்." மேலே சொன்ன எரரோடு இது மோதுகிறதே என்று தோன்றும். ஒற்றைப் படத்துக்கு எரர், ஃபோல்டர் முழுவதற்கும் என்றால் தாண்டுதல், இரண்டையும் தனித்தனிக் கருவியாக வைத்துவிட்டால் குழப்பமில்லை.

அடுத்தது நம்மவர்களின் வார்த்தைகள். ஆங்கிலத்தில் எழுதும் கருவி ஆவணம் எதிலும் இது கிடைக்காது, நாமே எழுதிக்கொள்ள வேண்டியது. கோயில் செயலாளர் "படத்தைச் சின்னதாக்கிக் கொடு" என்கிறார். அகலம் உயரம் குறைய வேண்டுமா, எம்பி குறைய வேண்டுமா? பெரும்பாலும் அவர் கேட்பது எம்பி, டேட்டா தீர்ந்துவிடும் என்ற கவலை. ஏஜென்ட் அகலத்தைக் குறைத்துவிட்டால் பிரசுரத்துக்குப் போகும்போது படம் உடைந்து தெரியும். "தெளிவாக்கிக் கொடு" என்கிறார் இன்னொருவர். ஏஜென்ட் என்ன செய்கிறது? தரத்தை 60-இலிருந்து 100-க்கு ஏற்றி ஜேபெக்காகவே மறுபடி சேமிக்கிறது. ஃபைல் மூன்று மடங்கு வீங்குகிறது, பாட்டியின் முகம் அதே மங்கலில் இருக்கிறது. ஜேபெக் ஒருமுறை தூக்கிப் போட்ட விவரம் தர எண்ணை ஏற்றுவதால் திரும்பி வராது. ஆகவே தரம் என்ற பாராமீட்டரின் விளக்கத்திலேயே எழுதுங்கள்: "இது புதிதாக எழுதும்போது எவ்வளவு விவரத்தை விட்டுக்கொடுக்கலாம் என்பது மட்டும். மங்கலான படத்தை இது தெளிவாக்காது. பயனர் தெளிவு கேட்டால் இந்தக் கருவியால் முடியாது என்று சொல்லவும்." கருவியால் எது முடியாது என்பதை எழுதுவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏஜென்டுக்கு அதுதான் மிகவும் தேவைப்படும் வரி, இல்லாவிட்டால் கையில் இருக்கும் ஒரே சுத்தியலால் எல்லாவற்றையும் அடித்துப் பார்க்கும்.

அந்தத் தர எண்ணைப் பற்றி இன்னொன்று. ஜேபெக்கில் 80-ம், புதிய பட ஃபார்மட்களான வெப்பியில் 80-ம் ஏவிஃபில் 80-ம் ஒன்றல்ல, ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் தனி. பிஎன்ஜிக்கு இழப்பே கிடையாது, அங்கே தரம் என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. இமேஜ்மேஜிக்கில் பிஎன்ஜிக்கு 75 என்று கொடுத்தால் 7 சுருக்கும் அளவையும் 5 ஃபில்டர் வகையையும் குறிக்கும், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் கருவி பிஎன்ஜிக்குத் தரம் கொடுத்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. விழுங்காதீர்கள். "பிஎன்ஜிக்குத் தரம் பொருந்தாது. அளவு குறைய வேண்டுமென்றால் வெப்பி அல்லது ஜேபெக் கேளுங்கள்" என்று எரர் கொடுங்கள். எரர் வாசகம்தான் ஏஜென்ட் மிகக் கவனமாகப் படிக்கும் ஆவணம், தவறு செய்த அந்த நொடியில் அது கண்முன் வருகிறது. உங்கள் கருவி இப்போது கொடுப்பது "தவறான உள்ளீடு". அதைப் படித்துவிட்டு ஏஜென்ட் அதே கட்டளையை நான்கு தடவை திரும்பத் திரும்ப ஓட்டியதை நீங்கள் அனுப்பிய லாக் பதிவில் பார்த்தேன். என்ன தவறு, எந்த ஃபைலில், அடுத்து என்ன செய்யலாம், இந்த மூன்றும் இருக்கட்டும். "ஃபைலின் பெயர் ஜேபிஜி என்று முடிகிறது, உள்ளே இருப்பது எச்இஐசி. பெயரை மாற்ற வேண்டாம், மூல வகையைத் தானாகக் கண்டுபிடி என்று விடவும்" என்று வந்தால் அடுத்த முயற்சியே சரியாகிவிடும். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் டீஃபால்டாக எச்இஐசி என்ற ஃபார்மட்டில்தான் எடுக்கிறது, அதைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பும்போது யாராவது பெயரை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி வைத்திருப்பார்கள். ஃபைலின் முதல் சில பைட்டைப் பார்த்து வகையை முடிவு செய்யுங்கள், பெயரை நம்பாதீர்கள், அப்படிச் செய்வதை ஆவணத்திலும் சொல்லிவிடுங்கள்.

ஃபைல் பெயரில் நமக்கென்றே இரண்டு சிக்கல் உண்டு. "கோயில்" என்று பெயர் வைத்த ஃபைலை ஏஜென்ட் தேடி "இல்லை" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். யூனிகோடில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்றாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டில் வேறு. பழைய மேக் ஃபைல் சிஸ்டம் பிரித்து வைக்கும், மற்ற இடங்களில் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஏஜென்ட் பெயரைத் தன் கையால் திரும்ப எழுதும்போது சேர்ந்த வடிவில் எழுதுகிறது, டிஸ்கில் பிரிந்த வடிவம் கிடக்கிறது. கருவியில் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பர்மிய எழுத்துப் பெயர்களில் இதைவிட மோசம்: 2019 அக்டோபர் 1-இல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறினாலும், அதற்கு முன் வைத்த ஃபைல் பெயர்கள் பல ஸௌஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில்தான் இருக்கின்றன, அதே குறி எண்களுக்கு வேறு எழுத்து. ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு உதவி செய்வதாக எண்ணிப் பெயரைத் திருத்தினால் ஃபைல் கிடைக்காது. இதற்கு ஒரே மருந்து: ஃபோல்டரைப் பட்டியலிடும் கருவி ஒன்று கொடுத்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் 001, 002 என்று அடையாள எண் தந்து, "பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டாம், பட்டியலில் உள்ள எண்ணைக் கொடுக்கவும்" என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று, தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது, ஆக 85 குறிதான், புள்ளியும் கொம்பும் சேர்த்து. திருவிழாப் பெயர், வருடம், உபயதாரர் என்று ஏஜென்ட் நீளமாகப் பெயர் வைக்க ஆரம்பித்தால் முட்டும். அந்த எல்லையையும் ஸ்கீமாவில் சொல்லுங்கள்.

எல்லைகள் என்று வந்ததால்: வெப்பி அகலத்திலோ உயரத்திலோ 16,383 பிக்சலுக்கு மேல் தாங்காது. 28 அங்குல நீளமுள்ள பழைய நில வரைபடத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 16,800 வந்துவிடும். ஏவிஃப் ஃபைல் சின்னதாக வரும், ஆனால் எழுத நேரம் பிடிக்கும். ஏஜென்ட் காத்திருந்து காலம் கடந்துவிட்டது என்று எண்ணித் திரும்ப ஓட்டும், அதை ஒரு வரியில் எச்சரியுங்கள். மாற்றிய படத்தைப் பேஸ்64 எழுத்தாக ஏஜென்டிடமே திருப்பித் தராதீர்கள். அது மூன்றில் ஒரு பங்கு வீங்கும், 3 எம்பி படம் 4 எம்பி எழுத்தாக உரையாடலுக்குள் வந்து விழுந்தால் மற்றது எதற்கும் இடமிருக்காது. பாதை, அகலம், உயரம், பைட், பக்க எண்ணிக்கை, என்ன இழந்தது, இவ்வளவு போதும். படத்தின் எக்சிஃப் குறிப்பில் இருக்கும் வாசகத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால் "இது படத்தில் இருந்த தகவல், கட்டளை அல்ல" என்று வேலி போட்டுக் கொடுங்கள், வெளியிலிருந்து வரும் படத்தில் யாராவது எதையாவது எழுதி வைத்திருக்கலாம்.

மொழி. மாடலுக்கு இரண்டும் புரியும். ஆனால் தமிழ் வாக்கியம் பெரும்பாலான மாடல்களில் ஆங்கிலத்தைவிட நிறைய டோக்கன் (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் துண்டு) தின்னும், கருவியின் விவரிப்பு ஒவ்வொரு உரையாடலிலும் கூடவே போகிறது. நான் செய்வது இது: விவரிப்பும் பாராமீட்டர் விளக்கமும் எளிய ஆங்கிலத்தில். பயனர் வாயிலிருந்து வரும் "சின்னதாக்கு", "தெளிவாக்கு", "வாட்ஸ்அப்புக்கு ஏற்ற மாதிரி" போன்றவை மட்டும் தமிழிலேயே, அவற்றுக்கு என்ன பொருள் கொள்ள வேண்டும் என்பதோடு. பர்மியத்தில் பேசுகிறவர்கள் இருந்தால் அவர்கள் சொல்லும் விதத்தையும் சேருங்கள், நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தானே கேட்கிறார்கள். உங்கள் விவரிப்பைத் திருத்தி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும் (இங்கே தமிழில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலமாக்கிக்கொள்ளுங்கள்):

"டிஸ்கில் உள்ள ஒரு படத்தை ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி, டிஃப் ஆகியவற்றில் ஒன்றாக மாற்றிப் புதிய ஃபைலாக எழுதும். மூல ஃபைலைத் தொடாது. வெளியீடு ஏற்கெனவே இருந்தால் எரர். பல பக்க டிஃப்பில் எல்லாப் பக்கமும் தனித்தனியாக எழுதப்படும். படம் நிமிர்த்தப்படும், ஜிபிஎஸ் நீக்கப்படும், வண்ண புரொஃபைலும் எடுத்த தேதியும் காக்கப்படும். ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி வெள்ளையாகும். மங்கலைத் தெளிவாக்காது, கறை நீக்காது, எழுத்தைப் படித்துச் சொல்லாது. ஆவணங்களையும் பதிவேடுகளையும் பாதுகாத்து வைக்க டிஃப் அல்லது பிஎன்ஜி; அனுப்புவதற்கு ஜேபெக். எதற்கு என்று பயனர் சொல்லவில்லை என்றால் கேட்கவும்."

ஒன்பது வாக்கியம்தான். கடைசிக்கு முந்தைய வாக்கியத்தைப் பாருங்கள், எந்த ஃபார்மட் எதற்கு என்ற உங்கள் தீர்ப்பு அதில் இருக்கிறது. மாடலுக்கு ஜேபெக் 1992-இல் வந்தது, பிஎன்ஜி 1996-இல் வந்தது என்றெல்லாம் தெரியும். உங்கள் கோயில் பதிவேட்டை என்றைக்கும் ஜேபெக்கில் மட்டும் வைக்கக்கூடாது என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். ஃபார்மட் பெயர்களை ஸ்கீமாவில் திறந்த எழுத்தாக விடாமல் குறிப்பிட்ட மதிப்புகளாகப் பட்டியலிடுங்கள், ஜேபிஜி என்றும் ஜேபெக் என்றும் மாற்றி மாற்றி வந்தால் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், இதற்கெல்லாம் எரர் கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இணையத்தில் வைக்கும் நீண்ட ஆவணத்துக்கு எல்எல்எம்எஸ்-டிஎக்ஸ்டி (llms.txt) என்று, மாடல்கள் படிப்பதற்கென்றே ஒரு ஃபைலை இணையதளத்தில் வைக்கும்படி ஜெரமி ஹோவர்ட் 2024 செப்டம்பரில் முன்வைத்த முறை ஒன்று உண்டு. உங்கள் கருவியை வைத்துக் கோடு எழுதும் ஏஜென்டுகளுக்கு அது பயன்படலாம். உங்கள் இப்போதைய தொல்லைக்கு அது மருந்தில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் சோதிக்க வேண்டும், கண்ணால் படித்துச் சரிபார்த்தால் போதாது. செயலாளர், பூசாரி, படம் கேட்டு வரும் அத்தைமார் நிஜமாகக் கேட்ட இருபது வேண்டுகோளை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழைய பேச்சு எதுவும் இல்லாத புது உரையாடலில், பிரதி எடுத்த ஃபோல்டரில், ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஏஜென்ட் எந்த பாராமீட்டரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். ஒவ்வொரு தவறுக்கும் விவரிப்பிலோ எரரிலோ ஒரு வாக்கியம் சேருங்கள் அல்லது ஒரு டீஃபால்டை மாற்றுங்கள், பிறகு இருபதையும் மறுபடி ஓட்டுங்கள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும், அதற்காகத்தான் இருபதையும். டீஃபால்டை மாற்றுவது எப்போதும் வாக்கியம் சேர்ப்பதைவிட உறுதி, முடிந்த இடத்திலெல்லாம் அதையே செய்யுங்கள்.

ஆனால் இன்றைக்கு இரவு இதில் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். சாய்ந்துபோன திருவிழாப் படங்களின் அசல் இன்னும் எடுத்தவரின் போனில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போனை மாற்றுவதற்கோ துடைப்பதற்கோ முன்னால் நேரில் போய் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், கேபிள் போட்டு எடுங்கள், செயலி வழியாக அனுப்பச் சொன்னால் சுருக்கி அனுப்பிவிடும். பதிவேட்டின் டிஃப் பத்திரமாக இருக்கிறது என்றால் அந்த 48 பக்கத்தையும் ஏஜென்ட் இல்லாமல் நீங்களே ஒருமுறை ஓட்டி, எண்ணிப் பார்த்து, வேறொரு டிஸ்கில் வைத்துவிட்டு வாருங்கள். இருபது வேண்டுகோளையும் எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.